தென்னந்தோப்பில் மினி டிராக்டருக்குப் பின்னால் எதைப் பூட்டுவது?

ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் மினி டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் வண்டியைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். 18 குதிரைத்திறன் போதுமா, 24 வேண்டுமா, நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா, குபோட்டாவா மகிந்திராவா சுவராஜா என்று டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் வாதம் நடக்கும். வண்டிக்குப் பின்னால் எதைப் பூட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் வாதமே கிடையாது. ரோட்டவேட்டர்தான், அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் கருவி. விலைப்பட்டியலில் வண்டிக்கு அடுத்த வரியில் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தென்னை வைத்திருப்பவர் கடைசியாக வாங்க வேண்டிய கருவி ரோட்டவேட்டர் என்பது என் கட்சி. வாங்காமலே இருந்துவிட்டாலும் குடி முழுகிப்போகாது. எங்கள் தோப்பிலும் பங்காளிகள் தோப்பிலும் ரோட்டவேட்டர், மண்ணைக் கீறும் கொத்துக் கலப்பை, தரையில் கிடக்கும் மட்டையையும் புல்லையும் தூளாக்கும் மல்ச்சர், மட்டை அரைக்கும் இயந்திரம் என்று எல்லாமே ஓடியிருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றை எழுதுகிறேன். மஞ்சளும் நெல்லும் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் நிலத்துக்குக் கணக்கு வேறு.

முதலில் மினி டிராக்டரே வேண்டுமா என்பதைப் பார்த்துவிடலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரம். அந்த இடைவெளியில் 45 குதிரைத்திறன் வண்டியே தாராளமாகத் திரும்பும். தென்னை மட்டும் இருக்கும் தோப்புக்கு ஊரில் வாடகைக்கு ஓடுகிற பெரிய வண்டியே போதும். கோகோ, ஜாதிக்காய், வாழை என்று ஊடுபயிர் ஏறிய பிறகுதான் பெரிய வண்டி உள்ளே நுழைய முடியாமல் போகிறது. அகலம் குறைந்த, உயரம் குறைந்த வண்டிக்கு அங்கேதான் வேலை. கோகோக் கிளைகளுக்குக் கீழே குனிந்து போக வேண்டும், சொட்டுநீர்க் குழாயை மிதிக்காமல் திரும்ப வேண்டும், மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியின் கரையை உடைக்காமல் ஒதுங்க வேண்டும். இந்த மூன்றும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் மேற்கொண்டு படிக்காமல் பணத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

ரோட்டவேட்டரின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். டிராக்டரின் பின்புறம் இருந்து என்ஜினின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்ற நிலையான வேகத்தில் சுழலும்படி அமைக்கப்பட்டது. அந்தச் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாக எல் வடிவக் கத்திகள் பூட்டிய உருளைக்குப் போகிறது. கத்திகள் வண்டிச் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழல்வதால் மண்ணை வெட்டும்போதே வண்டியை முன்னால் தள்ளிக்கொடுக்கவும் செய்யும். எடை குறைந்த மினி டிராக்டரும் சக்கரம் வழுக்காமல் ரோட்டவேட்டரை ஓட்டிவிடுவதன் ரகசியம் இதுதான். கலப்பை அப்படி இல்லை. அதை வண்டி இழுத்தாக வேண்டும், இழுக்க எடை வேண்டும். காய்ந்த செம்மண்ணில் 18 குதிரைத்திறன் வண்டியில் கலப்பையை இறக்கினால் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறிப்பதைப் பார்க்கலாம்.

அதனால் விற்பனையாளர் மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டரைச் சொல்வதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வண்டிக்கு அது பொருத்தமான கருவிதான். கோபிப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல்லுக்குச் சேறு கலக்கவும், ஈரோட்டு மஞ்சளுக்கு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கவும் அதை மிஞ்சிய கருவி கிடையாது. தோப்புக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தண்டின் அடியிலிருந்து கயிறு கயிறாகக் கிளம்பும் சல்லிவேர்கள்தான் அதன் பிழைப்பு. அவற்றில் பெரும்பகுதி மரத்திலிருந்து 6 அடி தூரத்துக்குள் இருக்கிறது. நீரும் உரமும் வட்டப்பாத்தியில் கிடைத்துப் பழகிய மரத்தின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலும் பின்னிக் கிடக்கும். ரோட்டவேட்டர்க்காரர் மரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஓட்டிவிட்டு, "சுத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டேன்" என்று கூலி கேட்பார். எடுத்ததில் புல் எவ்வளவு, வேர் எவ்வளவு என்று குனிந்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது கோரை. இதை அனுபவிக்காத தோட்டக்காரர் எங்கள் பக்கம் இல்லை. கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குச் சங்கிலியில் இருக்கிறது. ரோட்டவேட்டர் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கித் தோப்பு முழுவதும் பகிர்ந்து கொடுக்கும். பத்து நாள் தரை பளிச்சென்று இருக்கும், பிறகு ஒரு மூலையில் இருந்த கோரை நான்கு மூலையிலும் தலை நீட்டும். அறுகுக்கும் இதே கதைதான். பார்த்தீனியத்துக்கு வேண்டுமானால் ரோட்டவேட்டர் சரி, அதுவும் பூக்கும் முன்பு ஓட்டினால்.

மூன்றாவது குற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஆழத்தில், நான்கைந்து அங்குலத்தில், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கத்தி ஓடினால் அதற்குக் கீழே மண் இறுகிக் கடினப்படுகையாகிறது. மேலே மாவு, கீழே தளம். ஐப்பசி கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாதி ஆண்டை ஓட்டுகின்றன. அந்த மழை தளத்தின்மேல் தேங்கி, வழிந்து, மாவு மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு உளிக்கலப்பையை நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அரை மீட்டர் இடைவெளியில் ஆழமாகக் கீறிவிட்டால் இறுகிய தளம் உடையும். ஆனால் உளிக்கலப்பையை இழுக்க மினி டிராக்டரால் ஆகாது, பெரிய வண்டிதான் வர வேண்டும். தென்னை ஏறி நிற்கும் தோப்பில் அந்த ஆழத்துக்குக் கீறினால் வேர் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ரோட்டவேட்டர் உண்டாக்கும் தளத்தை மினி டிராக்டர்க்காரரால் தன் வண்டியைக் கொண்டே சரிசெய்ய முடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

சொட்டுநீர்க் குழாயைப் பற்றித் தனியாகவே அழலாம். 16 மில்லிமீட்டர் பக்கவாட்டுக் குழாய் ஒன்று உருளையில் மாட்டினால், ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு வரிசைக் குழாயும் சுற்றிக்கொள்ளும். பன்னாடையும் இளநீர்க் குலை இறக்கிய நைலான் கயிறும் இதே வேலையைச் செய்யும். அவை உருளையின் ஓரத்துக்கு நகர்ந்து பேரிங்கின் எண்ணெய் மறைப்பை அறுத்துவிடும். எண்ணெய் ஒழுகும், மண் உள்ளே போகும், அந்தப் பருவம் முடிவதற்குள் பேரிங் சத்தம் போடும். தோப்பில் ஓடிய ரோட்டவேட்டரையும் வயலில் ஓடியதையும் பட்டறையில் கழற்றி வைத்தால் எது எங்கே ஓடியது என்று லேத்துக்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

கொத்துக் கலப்பைக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. சுழலும் பாகம் எதுவும் இல்லை, பழுதாக எதுவும் இல்லை. மினி டிராக்டருக்கு ஐந்து கொத்து போதும், ஒன்பது கொத்து பெரிய வண்டிக்கு உரியது. ஸ்பிரிங் வைத்த கொத்தாக வாங்கினால் பாறையோ பழைய மரத்தின் தூரோ தட்டும்போது கொத்து பின்னால் மடங்கித் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் ஒரு மழை விழுந்து மண் பதத்துக்கு வந்ததும், மர வரிசைகளுக்கு நடுவே மட்டும் ஒரு சால் கோடை உழவு ஓட்டி விட்டால் அடுத்து வருகிற மழை உள்ளே இறங்கும். மரத்தடிக்கு வண்டி போகவே வேண்டியதில்லை. பதம் தவறினால் மினி டிராக்டர் இழுக்காது என்று முன்பே சொன்னேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்து, முன்னால் எடைக் கட்டையும் மாட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

இப்போது மட்டைக்கு வருகிறேன். தோப்புக்காரரின் உண்மையான வேலை அதுதான்.

வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 12 மட்டையை உதிர்க்கும். 70 மரத்துக்கு 840 மட்டை, அதாவது ஒரு ஏக்கரில் ஓர் ஆண்டில் விழுவது. அப்புச்சி (தாத்தா) காலத்தில் இது தொல்லையாக இல்லை, வருமானமாக இருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டுத் தடுக்குப் பின்னுவார்கள். மாட்டுக் கொட்டகைக்கும் வேலைக்காரர் குடிசைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் தென்னந்தடுக்குதான். ஈர்க்குச்சி சீமாறாகும். அடிக்கட்டை அடுப்புக்குப் போகும். தகரமும் சிமெண்ட் அட்டையும் கேஸ் அடுப்பும் வந்த பிறகு மட்டையைச் சீண்ட ஆள் இல்லை. வேலிக்கருகே குவித்துத் தீ வைக்கிறார்கள். மரம் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தை வேலியோரச் சாம்பலிலேயே விட்டுவிட்டு, பொட்டாஷ் மூட்டையை வண்டி வைத்துக் கடையிலிருந்து கொண்டுவருகிறோம். இது எந்த ஊர்ப் பண்ணையம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மட்டையைத் தூளாக்க இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று, ஓரிடத்தில் நிறுத்தி பி.டி.ஓ. தண்டில் இணைத்து, கையால் மட்டையை ஊட்டி அரைக்கும் இயந்திரம். விலை குறைவு, தூளும் சீராக வரும், உரக்குழிக்கு அதுவே ஏற்றது. ஆனால் மட்டையை இழுத்து வர ஓர் ஆள், ஊட்ட ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத கவலையில்தான் இயந்திரமே வாங்குகிறோம், வாங்கிய இயந்திரம் இரண்டு ஆள் கேட்கிறது. கை உள்ளே போகும் ஆபத்தும் உண்டு.

மற்றொன்று மல்ச்சர். கிடை உருளையில் ஒய் வடிவக் கத்திகளோ சுத்தியல் வடிவ இரும்புகளோ ஊஞ்சலாகத் தொங்கும். பெல்ட் மூலம் வேகம் கூட்டப்படுவதால் ரோட்டவேட்டரைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலும், மண்ணைத் தொடாது. தரையில் கிடக்கும் மட்டையையும் புல்லையும் அப்படியே மேலே உறிஞ்சி அடித்துத் தூளாக்கிப் பின்னால் விரித்துவிட்டுப் போகும். கத்தி கல்லில் பட்டால் உடையாமல் பின்னுக்கு மடங்கும். புல்லுக்கு ஒய் கத்தி, மட்டைக்குச் சுத்தியல். எதை மாட்டுவது என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

24 குதிரைத்திறன் வண்டிக்கு நான்கடி அகலத்துக்கு மேல் மல்ச்சர் வேண்டாம். காய்ந்த அடிக்கட்டைகள் வரிசையாக மாட்டும்போது என்ஜின் திணறும். அந்த நேரத்தில் கைவிசையால் என்ஜின் வேகத்தைக் குறைப்பது தவறு. பி.டி.ஓ. வேகம் குறைந்தால் கத்தி அடிப்பதற்குப் பதிலாக இழுக்கத் தொடங்கும், பெல்ட் வழுக்கிக் கருகும். என்ஜின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கீழ்க் கியருக்குப் போய் வண்டியை மெதுவாக நகர்த்த வேண்டும். மட்டைகளை வண்டி போகும் பாதைக்குக் குறுக்கே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கருவி உடையாமல் காப்பது பற்றி எனக்கு ஒரு பாடம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் வேலை பார்க்கும் என் மச்சினன் வீட்டில் தோட்ட டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறான். கோடையில் அடியில் புல்வெட்டி, குளிர்காலத்தில் முன்னால் பனி வாரி வீசும் கருவி. அதிலும் இரண்டு வகை. ஒற்றைக் கட்டக் கருவியில் பனியை அள்ளும் திருகே அதை வீசியும் விடும், லேசான பனிக்கு அது போதும். இரட்டைக் கட்டக் கருவியில் திருகு மெதுவாகச் சுழன்று பனியை நடுவே சேர்த்துக் கொடுக்க, பின்னால் இருக்கும் தனி விசிறி அதைப் புகைபோக்கி மாதிரியான குழாய் வழியாகத் தூர எறியும். ஈரமும் கனமுமான பனிக்கு அதுதான் தாங்கும் என்கிறான். சற்றுப் பெரிய டிராக்டர்களில் பின்பக்க பி.டி.ஓ.வில் பூட்டும் வகையும் உண்டாம், ஆனால் பின்னோக்கி ஓட்ட வேண்டும், கழுத்து போய்விடும்.

பின்னால் பூட்டியதைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டும் எனக்கு அவன் கழுத்து வலியில் ஆறுதல் கிடைத்தது இருக்கட்டும். அவன் காட்டியதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன போல்ட். பனிக்கடியில் கல்லோ உறைந்த செய்தித்தாள் கட்டோ திருகில் மாட்டினால், கியர் பாக்ஸ் உடையாமல் இருக்க அந்த போல்ட் முதலில் அறுந்துகொள்ளும். அறுவதற்கென்றே மென்மையாகச் செய்தது. அங்கே கையிருப்பில் நான்கைந்து வைத்திருப்பார்களாம். எங்கள் பக்கத்துப் புதர் வெட்டும் கருவிகளிலும் பி.டி.ஓ. ஷாஃப்டுகள் பலவற்றிலும் இதே போல்ட் உண்டு. நாம் என்ன செய்கிறோம்? "அடிக்கடி அறுகிறது" என்று கடையில் இருப்பதிலேயே கடினமான போல்ட்டாகப் பார்த்து வாங்கி முடுக்கிவிடுகிறோம். அடுத்த முறை தூர் தட்டும்போது போல்ட் நிற்கும், கியர் பாக்ஸ் பிளந்துகொள்ளும். கோவையிலும் திருச்செங்கோட்டிலும் எந்த இரும்பையும் வளைத்து ஒட்டவைக்கும் பட்டறைகள் இருப்பதால் வந்த தைரியம் இது. பட்டறைக்காரரே கருவியோடு வந்த தர எண்ணைப் பார்த்து அதே போல்ட்டைத்தான் போடச் சொல்வார், நாம்தான் கேட்பதில்லை.

மல்ச்சர் ஓட்டிய தோப்பு அழகாக இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகும். தரை முழுவதும் பழுப்புத் தூள், இடையிடையே குட்டையான புல், அரையாத அடிக்கட்டைத் துண்டுகள். எங்கள் ஊரில் தோப்பு என்றால் விழுந்த காயைச் சாலையிலிருந்தே எண்ணும்படி இருக்க வேண்டும். நான் ரோட்டவேட்டரை நிறுத்திய ஆண்டு, பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் நின்று, "தோப்பை விற்கப்போகிறீர்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேலிக்குப் பயந்துதான் பாதிப் பேர் ரோட்டவேட்டர் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். மண்ணுக்கு வேண்டும் என்பதைவிட வரப்பில் நடந்து போகிறவர் கண்ணுக்கு வேண்டும் என்பதற்கே நிறைய டீசல் எரிகிறது.

மாமாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் விழுந்த காய் கிடைக்காது, கண்ணாடிவிரியன் இருந்தாலும் தெரியாது. காய் பொறுக்க வருகிற பெண்கள் முதலில் கேட்பதே அதைத்தான். அதனால் காய் வெட்டுக்கு ஒரு வாரம் முன்பு மல்ச்சர் ஓட்டிவிட வேண்டும், புல்லைக் கணுக்காலுக்கு மேல் விடக்கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தூளை ஓரிடத்தில் குவித்தால், அது மக்கும்போது காண்டாமிருக வண்டு வந்து முட்டை வைக்கும். அந்தப் புழு வளர்ந்து வண்டாகி நம் மரத்தின் குருத்துக்குத்தான் வரும். மெல்லிய படலமாக விரித்தால் இந்தச் சிக்கல் குறைவு, மல்ச்சர் அதைத் தானாகவே செய்கிறது. அரைக்கும் இயந்திரத்தின் தூளை உரக்குழியில் போடுகிறவர்கள் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிடுவது நல்லது.

மழைக்கு முன் சணப்பை என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூக்கும் தருணத்தில் மல்ச்சரால் அடித்துப் படுக்கவைத்தால் இன்னும் விசேஷம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எங்கள் மேல்மண்ணை உலர்த்துகிற மாதங்களில், தழையும் தூளும் மூடிய மூடாக்கு இருக்கும் வட்டப்பாத்திக்கும் இல்லாததற்கும் இருக்கும் வித்தியாசத்தைக் காலை வைத்தே உணரலாம்.

பணக் கணக்கு. இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் மானியம் பொதுவாக 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் அதைவிடக் கூடுதல், உச்சவரம்புக்கு உட்பட்டு. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனப் பட்டியலிலிருந்துதான் வாங்க வேண்டும். மானியம் இருக்கிறதே என்று ரோட்டவேட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆண்டில் சில மணி நேரம் ஓடும், மீதி நாள் கொட்டகையில் கோழி அதன்மேல் ஏறித் தூங்கும். அந்தச் சில மணி நேரத்துக்கு வேளாண் பொறியியல் துறையிலோ ஊர் வண்டிக்காரரிடமோ வாடகைக்கு எடுத்துவிடலாம். மல்ச்சர் வாடகைக்கு எளிதில் கிடைப்பதில்லை, மட்டையோ மாதாமாதம் விழுகிறது. முதலில் மல்ச்சர், அடுத்து ஐந்து கொத்துக் கலப்பை என்று நான் வரிசை வைப்பதற்கு இதுவே காரணம். ஐந்து ஏக்கருக்குக் கீழே இருந்தால் பங்காளிகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மல்ச்சர் வாங்குங்கள், பெல்ட் யார் மாற்றுவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பழைய மல்ச்சர் வாங்கப் போனால் பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். உருளையைக் கையால் சுற்றி, ஓரத்தில் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. எதிரெதிரே இருக்கும் கத்திகளின் தேய்மானம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் அந்த வேகத்தில் உருளை அதிர்ந்து எல்லா நட்டையும் கழற்றிவிடும். கியர் பாக்ஸ் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பின்பக்கம் தொங்கும் சங்கிலித் திரை முழுதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் பறக்கும்.

கடைசியாக பி.டி.ஓ. ஷாஃப்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை. 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. தோளில் கிடக்கும் துண்டு நுனியோ, வேட்டி ஓரமோ, சேலைக்கு மேல் போட்டிருக்கும் சட்டையின் கையோ மாட்டினால் கத்துவதற்குக்கூட அவகாசம் இருக்காது. பழைய கருவிகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட அந்த உறை இருப்பதாகத் தோன்றவில்லை. இல்லாமல் விற்கிறார் என்றால் அதன் விலையைப் பேரத்தில் கழித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள்.